பெட்ரோமாக்ஸ் சாட்சி

"நான் அவருக்குப் பெண்டாட்டியா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

எலேன் டீச்சர் இதைச் சொல்லிவிட்டு இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தார். குரலில் அழுகை இல்லை. அழுகை இருந்திருந்தால் சோமசேகரனுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு வரை, பத்திரங்களை உறுதிசெய்யும் பிரெஞ்சுக்காலத்து அதிகாரியான நொத்தேரின் அலுவலகத்தில் பத்திரம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். அழுகிறவர்களிடம் எந்தத் தாளை முதலில் நீட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அழாதவர்களிடம்தான் கை தடுமாறும். அந்த அலுவலகம் மூடப்பட்ட பிறகு, காரைக்காலில் ஒரு டைப்ரைட்டிங் பள்ளியின் மாடியில் அறை எடுத்து, காணாமற்போன வாரிசுகளையும் கள்ளக் கையெழுத்துகளையும் தேடிக் கொடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டிருந்தார்.

கீழே பள்ளியை நடத்துபவர் மெஹர் பானு. மேலே சோமசேகரனுக்கு உதவியாளரும் அவரே. முப்பத்தெட்டு வயது, வாய்க்கு வயது இல்லை. தட்டச்சுப் பொறியின் உறையைக் கழற்றியபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

முதல் தாள், அச்சிட்ட ஒரு வீட்டுவரி நோட்டீசு. லண்டனை ஒட்டிய கிராய்டன் நகரசபை அனுப்பியது. பெறுநர்: திருவாளர் மற்றும் திருமதி பி. தனியேல்.

"மூணு வருஷம் முன்னாடி அவர் ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே ஒரு கண்ணாடிச் சாமான். அது உடையாம இருக்க இந்தத் தாளைக் கசக்கி வச்சிருந்தார்" என்றார் எலேன். "அங்கே ஒரு மிஸஸ் தனியேல் இருக்காங்கிறது அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது."

"அவர்கிட்டயே கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? 'இனி இந்த ஊருக்கு வராதீங்க, வந்தா கதவைத் திறக்கமாட்டேன்'னு ஒரே ஒரு வரி எழுதினேன். அதுக்கப்புறம் பதினோரு கடிதம் வந்தது. ஒண்ணையும் பிரிக்கல. அப்படியே திருப்பி அனுப்பிட்டேன்."

கடைசி வாக்கியத்தில் ஒரு நிமிர்வு இருந்தது. மூன்றாண்டுகளாக அந்த அம்மையாரைத் தாங்கிநின்ற தூண் அதுதான் என்று சோமசேகரனுக்குப் பட்டது.

பியேர் தனியேல் லண்டனில் ஓர் ஓட்டலின் சமையற்கூட மேற்பார்வையாளர். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் அங்கே வேலை கிடைப்பது எளிதாக இருந்தது. எலேன் இங்கே பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. பதினைந்து ஆண்டுப் பணி நிறைந்தால் ஓய்வூதியம்; அதன் பிறகு கணவனிடம் போய்விடுவது என்று ஏற்பாடு. அந்தப் பதினைந்தாம் ஆண்டு இந்த ஜூன் மாதத்தில் நிறைகிறது. பியேர் சென்ற நவம்பரில் மாரடைப்பில் இறந்துபோனார்.

இரண்டாவது தாள், லண்டன் வழக்கறிஞர் ஒருவரின் கடிதம். ஆங்கிலம்.

"எனக்கு பிரெஞ்சு வரும், இங்கிலீஷ் வராது. பள்ளிக்கூடத்துல ஒரு சாரைப் படிக்கச் சொன்னேன். முதல் பத்தியிலேயே போதும்னு நிறுத்திட்டேன்."

சோமசேகரன் அந்த முதல் பத்தியைத் தமிழில் சொன்னார். பியேர் தனியேல் 1981 நவம்பர் பதினேழாம் தேதி, செவ்வாய், காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் காலமானார். கிராய்டன் வீட்டை அவரும் அவர் மனைவி திருமதி தனியேலும் கூட்டாக வாங்கியிருந்தபடியால், அது அவர் விட்டுச்சென்ற சொத்துகளில் சேராது. எஞ்சியிருக்கும் உரிமையாளர் என்ற முறையில் திருமதி தனியேலையே சேரும்.

"இது என்ன நியாயம்? உயில் எழுதலைன்னாலும் கட்டின பெண்டாட்டிக்குப் பங்கு இல்லையா?"

"அங்கே ரெண்டு பேர் சேர்ந்து வீடு வாங்கினா ரெண்டு வழி இருக்கும்மா. ஆளுக்கு இத்தனை பங்குன்னு பிரிச்சு வாங்கறது ஒண்ணு. ஒருத்தர் போயிட்டா அவர் பங்கு அவர் வாரிசுக்குப் போகும். இன்னொரு வழியில பங்குங்கிற பேச்சே கிடையாது. முழு வீடும் ரெண்டு பேருக்கும். ஒருத்தர் கண்ணை மூடினா, இருக்கிறவருக்கே எல்லாம்."

"அவர் எந்த வழியில வாங்கினார்?"

"ரெண்டாவது."

எலேன் டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "அவ மேல அவ்வளவு நம்பிக்கை" என்றார். பிறகு எழுந்து, "சனிக்கிழமை மாதாகோயில்ல அவருக்குப் பூசை வைக்கணும்ங்கிறார் சாமியார். முன்வரிசையில பெண்டாட்டி உட்காரணுமாம். அதுக்குள்ள அவ யாருன்னு சொல்லுங்க. உட்காரலாமா கூடாதான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்று சொல்லி, பத்து மணி வகுப்புக்குப் படியிறங்கினார்.

காலடி ஓசை அடங்கியதும் பானு வக்கீல் கடிதம் வந்த உறையை எடுத்துப் புரட்டினார்.

"சார், உறையில 'மிஸ் எச். அருளப்பன்'னு போட்டிருக்கு. எலேனுக்கு பிரெஞ்சுல முதல் எழுத்து எச், அது சரி; ஆனா மிஸ்ஸா? நாப்பது வயசு டீச்சரைக் குமரியாக்கினது இந்த வெள்ளைக்கார வக்கீல்தான். என் வயசையும் அவர்கிட்டயே அனுப்பிக் குறைச்சுக்கலாம்னு பாக்கிறேன்."

சோமசேகரன் சிரிக்கவில்லை. டீச்சர் கேட்காமல் விட்ட இரண்டாவது பத்தியில் அவர் கண் ஊன்றியிருந்தது.

"பானு, கேளுங்க. இந்த வக்கீலுக்கே அந்த மிஸஸ் தனியேல் எங்கேயிருக்காங்கன்னு தெரியல. பக்கத்து வீட்டுக்காரங்க அஞ்சு வருஷத்துல ஒரு நாள்கூட அவங்களைப் பார்த்ததில்லையாம். பியேர் வீட்டு மேசைல டீச்சர் திருப்பி அனுப்பின பதினோரு கடிதம் கிடைச்சிருக்கு. அந்த உறை மேல இருந்த பேருக்குத்தான் இதை எழுதியிருக்கார். 'உங்களுக்கு அந்த அம்மாளைத் தெரியுமா'ன்னு கேக்கிறார்."

"வீட்டுக்குச் சொந்தக்காரி, ஆனா வீட்டுக்கே வரல. நல்ல குடித்தனம்."

"அவங்க பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க. கையெழுத்து கிறுக்கலா இருக்காம், பேர் படிக்க முடியல. சாட்சியா ஒரு ரப்பர் ஸ்டாம்பு மட்டும் இருக்கு. பாதி அழிஞ்சிருக்கு. மிச்சம் படிச்சது இவ்வளவுதான்: 'தங்கப்பன், பெட்ரோமாக்ஸ் ரிப்பேர்'."

பானு உறையைக் கீழே வைத்தார்.

"லண்டன்ல பெட்ரோமாக்ஸ் ரிப்பேரா? அங்கே கரண்டு போகுமா சார்?"

"போகாது."

"கடைப் பேர் ரப்பர் ஸ்டாம்பைக் கையெழுத்துக்குப் பதிலாக் குத்தற பழக்கம் வெள்ளைக்காரனுக்கு உண்டா?"

"கிடையாது."

"அப்படின்னா..."

"அப்படின்னா அந்த அம்மா கையெழுத்துப் போட்டது லண்டன்ல இல்லை. நம்ம பக்கத்துல. மாதாகோயில் தெருவுல அந்தப் பேர்ல ஒரு கடை இருந்தது எனக்கு ஞாபகம். அவங்க இங்கேதான் இருக்காங்க."

பானு ஜன்னல் வழியே பாரதியார் வீதியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கூடையும் குடையுமாகப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவர்மீதும் அந்தப் பார்வை விழுந்து எழுந்தது. "அல்லாவே! ஒரே ஊருக்குள்ளயா? டீச்சர் தினம் அவகிட்டயே மீன் வாங்கினாலும் வாங்குவாங்க" என்றார்.

பெட்ரோமாக்ஸ் தங்கப்பனைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையாக இல்லை. மாதாகோயில் தெருவில் அவருடைய பழைய கடை இப்போது ரேடியோ கடையாகியிருந்தது. தெருவெல்லாம் மின்கம்பம் வந்த பிறகு அவர் திருநள்ளாற்றுக்குப் போய்விட்டதாக ரேடியோக்காரர் சொன்னார். சுவாமி புறப்பாட்டுக்கு விளக்கு வாடகைக்கு விடுகிறாராம்.

பேருந்தில் ஜன்னலோரத்தைப் பானு பிடித்துக்கொண்டார். அறுவடை முடிந்த வயல்கள் இருபுறமும் வெறுமையாகக் கிடந்தன.

"சார், ஒரு சந்தேகம். வீட்டுப் பத்திரத்தை எப்படி ஒரு விளக்குக் கடையில வச்சுக் கையெழுத்துப் போடுவாங்க? ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் நிக்க வேண்டாமா?"

குடியேறிப் போன இரண்டு குடும்பங்களின் பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுத்த வகையில் சோமசேகரனுக்கு அந்த நாட்டு நடைமுறை தெரிந்திருந்தது. "நிக்க வேண்டாம். வாங்கறவனுக்கு ஒரு வக்கீல், விக்கறவனுக்கு ஒரு வக்கீல். ரெண்டு பேரும் தபால்லயே முடிச்சுடுவாங்க. பத்திரத் தாளும் தபால்லயே வரும். உறவில்லாத ஒரு ஆள் பக்கத்துல நின்னு, 'நான் பார்த்தேன்'னு எழுதிட்டாப் போதும்."

"கல்யாணத்தையும் அப்படியே முடிச்சா பிரியாணிச் செலவு மிச்சம். சரி, விலை பேசி ரெண்டு பேரும் கையைக் குலுக்கிட்டா வீடு நம்மதுதானே?"

"இல்லை. ஒப்பந்தத் தாளை ரெண்டு பக்கமும் கைமாத்திக்கற வரைக்கும் எவனும் எவனுக்கும் கட்டுப்பட்டவன் இல்லை. நடுவுல ஒருத்தன் கூடக் கொடுத்தா, விக்கறவன் அந்தப் பக்கம் போயிடலாம்."

"வெக்கங்கெட்ட ஊரா இருக்கே! வீடு யார் பேர்லன்னு நாமே எழுதிக் கேட்டிருக்கலாமே, இங்க வில்லங்கம் போட்டுப் பாக்கிற மாதிரி?"

"அங்கே உரிமையாளர் சம்மதம் இல்லாம பதிவேட்டைக் காட்டமாட்டாங்க."

"அதான் ஆம்பளைங்க அங்கே போய் வீடு வாங்கறாங்க போல."

நொத்தேர் அலுவலகத்தில் சோமசேகரன் பழகிய முறை வேறு. வாங்குபவர், விற்பவர், இருவரின் மனைவிமார்கள் எல்லோரும் ஒரே அறையில் வரிசையாக உட்காருவார்கள். நொத்தேர் பத்திரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்க வாசிப்பார். புரிந்ததா என்று ஒவ்வொருவரையும் கேட்பார். அதன் பிறகே பேனா கைமாறும். வாசிக்கப்படாத பத்திரம் என்று ஒன்று உலகத்தில் இருக்க முடியும் என்பதையே இந்த ஊர்ப் பிரெஞ்சுக் குடும்பங்கள் நம்பமாட்டா. இந்த எண்ணம் ஏனோ அவர் நெஞ்சில் ஒரு முள்ளைப்போலக் குத்தி நின்றது. எடுத்துப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

தங்கப்பன் கடை கோயில் குளத்துக்குப் பின்புறம் இருந்தது. முப்பது விளக்குகள் கொக்கியில் தொங்கின. நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மனிதர் விளக்கின் மேண்டில் வலையை நூலால் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், உக்காருங்க. நாளன்னைக்கு சனிக்கிழமை. எல்லா விளக்கும் பேசியாச்சு. ஒண்ணுகூடத் தரமுடியாது."

"விளக்கு எங்ககிட்டயே இருக்கு, எரியத்தான் மாட்டேங்குது" என்றார் பானு. "நீங்க எப்பவாவது ஒரு இங்கிலீஷ் தாள்ல உங்க கடை ஸ்டாம்பைக் குத்தினீங்களா அண்ணே?"

தங்கப்பன் நூல் கட்டுவதை நிறுத்தினார். முகம் மலர்ந்தது.

"சிவப்பு வட்ட முத்திரை ஒட்டியிருந்த தாளா? ஏன் ஞாபகம் இல்லாம! வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்களுக்காக மாதாகோயில்ல விளக்கு எடுப்பாங்க. அதைப் பேச வந்தாங்க. எழுபத்தாறாம் வருஷம். வந்த கையோட அந்தத் தாளை என் மேசையில விரிச்சு, 'தங்கப்பண்ணே, உறவு இல்லாத ஆள் ஒருத்தர் சாட்சி போடணுமாம், நீங்க போடுங்க'ன்னாங்க. எனக்கு இங்கிலீஷ் எழுத வராது, ஸ்டாம்புலதான் இங்கிலீஷ் இருந்தது. குத்திட்டேன். தப்பாயிடுச்சா சார்?"

"தப்பில்லை. தாளைக் கொண்டுவந்தது யாரு?"

"எலேன் டீச்சர்தான். வேற யாரு?"

குளத்துப் பக்கமிருந்து ஈரத்துணியைத் துவைக்கும் ஓசை ஒருமுறை கேட்டது.

"நல்லா நினைச்சுச் சொல்லுங்க" என்றார் சோமசேகரன். தம்முடைய குரல் தமக்கே தொலைவில் கேட்டது.

"சத்தியமா டீச்சர்தான் சார். எப்படி மறக்கும்? தாளோட மேல்பாதியை இன்னொரு வெள்ளைத் தாளால மூடி, குண்டூசி குத்தி அனுப்பியிருந்தார் அவங்க வீட்டுக்காரர். கையெழுத்துப் போடற இடம் மட்டும் வெளியே தெரிஞ்சது. 'மூடியிருக்கிறதை எடுக்காதே, நீ இங்கே வரும்போது தெரியும்'னு அவர் எழுதியிருந்தாராம். ஏதோ இங்கிலாந்துக்குப் போறதுக்கான பாரம்னு நினைச்சாங்க. நான், 'என்னதான் இருக்குன்னு ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்துடலாமே டீச்சர்'னேன். சிரிச்சுட்டு, 'அவர் பாக்காதேன்னா நான் பாக்கமாட்டேன் தங்கப்பண்ணே'ன்னாங்க. புதுப் பொண்ணு மாதிரி அப்படி ஒரு சிரிப்பு."

திரும்பும் பேருந்து காரைக்காலை நெருங்கும்போது பானு மெல்லக் கேட்டார்: "சார், ஒரே பொம்பளையை அந்த வக்கீல் எப்படி ரெண்டு பேராக்கினார்?"

"அவர் ஆக்கல. நொத்தேர் ஆபீஸ்ல பத்திரம் எழுதின நாங்க ஆக்கினோம். பிரெஞ்சுப் பதிவேட்டுல பொண்ணுக்குக் கடைசிவரைக்கும் பிறந்த வீட்டுப் பேர்தான். டீச்சரோட பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, கல்யாணப் பதிவு எல்லாத்துலயும் எலேன் அருளப்பன். நானே எத்தனை பொம்பளைங்களுக்கு அப்படி எழுதியிருக்கேன்! பதிவுத் தபால் கைக்குக் கிடைக்கணுமேன்னு பியேரும் உறையில அந்தப் பேரையே எழுதினார். இங்கிலாந்துல வீடு வாங்கப் போனா, பெண்டாட்டி பேர் என்னன்னு கேட்டிருப்பாங்க. அங்கே கட்டினவன் பேர்தான் அவளுக்கும். மிஸஸ் தனியேல்னு பத்திரத்துல ஏறிடுச்சு. வக்கீல் பார்த்தார், பத்திரத்துல ஒரு மிஸஸ் தனியேல், உறையில ஒரு அருளப்பன். யாரோ உறவுக்காரக் குமரின்னு நினைச்சுட்டார்."

பானு விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்காதேன்னப்பப் பாக்கல. பாருன்னு பதினோரு தடவை வந்தப்பவும் பாக்கல" என்றார். அதில் கேலி துளியும் இல்லை.

"இதை நாம சொல்லாம விட்டுட்டா என்ன சார்? அந்தப் பொம்பளை கிடைக்கலன்னு சொல்லிடுவோம். வெறுப்போடயாவது இருந்துட்டுப் போவாங்க."

சோமசேகரனும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு பெண்ணைக் கணவன் ஏமாற்றினான் என்ற பொய் ஒரு பக்கம். ஏமாற்றவே இல்லை என்ற உண்மை ஒரு பக்கம். இவ்விரண்டில் எது அதிகமாகக் கொல்லும் என்று நிறுத்துப் பார்க்கும் தராசு அவரிடம் இல்லை. "அவங்க கேட்டது ஒரே ஒரு கேள்வி பானு. பெண்டாட்டியா இல்லையான்னு. அதுக்குப் பதில் நம்ம கையில இருக்கு. அதை மறைக்க நாம யாரு?" என்றார்.

மாலை ஐந்து மணிக்கு, பள்ளி விட்டதும் எலேன் டீச்சர் வந்தார். விரல்களில் சுண்ணாம்புக்கட்டியின் வெண்மை இருந்தது. நாற்காலியில் உட்காராமலேயே கேட்டார்.

"யாரு அவ?"

"உக்காருங்கம்மா. எழுபத்தாறுல தங்கப்பன் கடையில வச்சு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டீங்களா?"

"ஆமா. அங்கே போய்த் தங்கறதுக்கான பாரம். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அதுதான் வீட்டுப் பத்திரம்."

எலேன் அவரைக் கோபமாகப் பார்த்தார். தப்பாகக் கணக்குப் போட்ட மாணவனைப் பார்ப்பதுபோல. "பத்திரமா? நொத்தேர் எங்கே? யாரு படிச்சுக் காட்டினது? படிச்சுக் காட்டாம எப்படிப் பத்திரம்? எங்கப்பா வீடு வாங்கினப்ப நான் கூட உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் படிச்சாங்க."

"அந்த ஊர்ல படிச்சுக் காட்ட மாட்டாங்கம்மா. கையெழுத்து மட்டும் வாங்குவாங்க. அந்த ஊர்ல கட்டிக்கிட்டவர் பேர்தான் பெண்டாட்டிக்கும்."

அவர் மேற்கொண்டு சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. எலேன் டீச்சரின் உதடுகள் அசைந்தன. மிஸஸ் தனியேல், மிஸஸ் தனியேல் என்று ஓசையில்லாமல் இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அளவு சரியாக இருக்கிறதா என்று ஒரு ரவிக்கையை மேலே வைத்துப் பார்ப்பதுபோல.

"என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லையே" என்றார்.

பிறகு நாற்காலியில் அமர்ந்தார். பானு தண்ணீர்த் தம்ளரை நீட்டினார். எலேன் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கீழே பள்ளியில் யாரோ ஒரு பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"சார், அந்த வீடு எனக்கு வேண்டாம். வேண்டாம்னு எழுதிக் கொடுக்கச் சட்டத்துல வழி இருக்கா?"

"விக்கலாம். யாருக்காவது கொடுக்கலாம். ஆனா வந்ததை வரலன்னு ஆக்க முடியாது. ஒரு கையெழுத்தும் வாங்காம, அவர் போன அந்த நிமிஷத்துலயே வீடு முழுசும் உங்களுக்கு வந்துடுச்சு."

"அந்த நிமிஷத்துலயேவா?"

"ஆமா."

"காலையில ஆறு மணின்னீங்களே. அங்கே ஆறுன்னா இங்கே?"

சோமசேகரன் ஐந்தரை மணியைக் கூட்டிப் பார்த்தார். "பதினொன்றரை."

"செவ்வாய்க்கிழமை. மூணாவது பீரியடு." எலேன் டீச்சர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "சின்னப் பிள்ளைங்களுக்கு டிக்டேஷன் போட்டுக்கிட்டிருந்திருப்பேன். நாலு வீட்டுக்காரங்களை எழுப்பற மாதிரிக் கத்துவேன். ஒண்ணும் தெரியலையே சார். கை நடுங்கலையே. ஒரு தும்மல்கூட வரலையே."

பானு எழுந்து போய்த் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, ஒரு வெள்ளைத் தாளைச் செருகினார். ஏதேனும் ஒரு வேலை செய்தாக வேண்டும் என்ற தவிப்பு அது என்று சோமசேகரனுக்குப் புரிந்தது.

"அந்த வக்கீலுக்குப் பதில் போடணும்மா. என்ன எழுதட்டும்?" என்று பானு கேட்டார்.

எலேன் டீச்சர் தம்ளரை மேசைமேல் வைத்தார்.

"அவர் தேடின அம்மா கிடைச்சுட்டாங்கன்னு எழுதுங்க" என்றார். "விலாசம் உறையில எழுதினதேதான்னு எழுதுங்க. அந்தப் பதினோரு கடிதத்தையும் அதே விலாசத்துக்கு இன்னொரு தடவை அனுப்பச் சொல்லி எழுதுங்க. இந்தத் தடவை திரும்பி வராதுன்னும் எழுதுங்க."